ரோஜா வெளியிலிருந்து வந்தவன்

பாடப் புத்தகத்தில் அவர் ரூஸ்வெல்ட். தினசரியிலும், போட்டித் தேர்வு கைடிலும் ரூஸ்வெல்ட்தான். அமெரிக்காவிலேயே அப்படிச் சொல்கிறவர்கள் ஏராளம். பெயருக்குச் சொந்தக்காரர்கள் மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பெயரில் அமெரிக்காவுக்கு இரண்டு ஜனாதிபதிகள்: தியோடர், பின்னாளில் பிராங்க்ளின். தன் பெயரை எப்படி உச்சரிப்பது என்பது குறித்து 1898இல் தியோடர் ஒரு பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். ‘ரோஸவெல்ட்’ என்று எழுதியிருந்தால் எப்படிப் படிப்பீர்களோ அப்படிப் படியுங்கள், மூன்று அசை, முதல் அசை ரோஜாப்பூவின் ‘ரோஸ்’ என்று அதில் விளக்கினார். அப்போது அவர் ஜனாதிபதி ஆகியிருக்கவில்லை. ஆன பிறகும் ஊர் வாயை அடைக்க முடியவில்லை.

குழப்பத்துக்குக் காரணம் எளிது. டச்சு மொழியில் ‘ஓ’ எழுத்தை இரண்டு முறை அடுத்தடுத்து எழுதினால் நம் ‘ஓ’ நெடில் ஒலி வரும். அதே இரட்டை எழுத்தை ஆங்கிலம் ‘ஊ’ என்று படிக்கும். டச்சு எழுத்தை ஆங்கிலக் கண்ணால் படித்தார்கள். அந்த ஒலியை நாம் தமிழில் எழுதிக்கொண்டோம். ஆம்ஸ்டர்டாமில் ரோஸவெல்ட் பெயரில் ஒரு பெரிய சாலை இருக்கிறது. அங்கே டிராமுக்குக் காத்திருக்கிறவரைக் கேட்டால் ‘ரோ’ என்றுதான் ஆரம்பிப்பார். (போர் முடிந்த கையோடு அந்தப் பக்கத்து மூன்று சாலைகளுக்கு ரோஸவெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் என்று பெயர் வைத்தார்கள். ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்த 1956இல் ஸ்டாலின் சாலை மட்டும் விடுதலைச் சாலையாக மாறிவிட்டது.) இந்தக் கட்டுரையில் நானும் ரோஸவெல்ட் என்றே எழுதப்போகிறேன். பழக்கம் விடாதவர்கள் மனத்துக்குள் ரூஸ்வெல்ட் என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

பொருள் சிக்கலில்லாதது. ‘ரோஸ’ என்றால் ரோஜா, ‘வெல்ட்’ என்றால் வெளி, வயல், திறந்த நிலம். ரோஜா வெளி. சிக்கலெல்லாம் வேறொரு கேள்வியில் இருக்கிறது. இந்தப் பெயர் எங்கே பிறந்தது? ‘டச்சுக் குடும்பப் பெயர்’ என்று எல்லா அகராதியும் எழுதுகிறது. தப்பில்லை, ஆனால் பாதி உண்மை. சொல் டச்சு. குடும்பப் பெயராக அது உறைந்த இடம் மன்ஹாட்டன் தீவு.

மார்ட்டென் மகன் சின்ன கிளாஸ்

1640கள் வாக்கில் கடல் கடந்து நியூ ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தவர்களில் ஒருவன் கிளாஸ் மார்ட்டென்ஸ்ஸோன். வந்த வருஷம்கூடத் திட்டமாகப் பதிவாகவில்லை. 1638க்கும் 1649க்கும் இடையில் ஏதோ ஒரு கப்பல். டச்சு மேற்கிந்தியக் கம்பெனி நடத்திய அந்தச் சின்னத் துறைமுகம்தான் பிற்கால நியூயார்க். தியோடர் தன் சுயசரிதையில் இதைக் கொஞ்சம் கிண்டலாகவே சொல்கிறார்: ‘குடியேறியவர்’ என்று மரியாதையாகச் சொல்வது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நீராவிக் கப்பலில் வராமல் பதினேழாம் நூற்றாண்டின் பாய்மரக் கப்பலில் அடித்தட்டில் அடைந்து வந்த வந்தேறியைத்தான். பெரிய குடும்பத்துக்காரர்கள் தங்கள் மூதாதையைப் பற்றி இப்படி எழுதுவது அபூர்வம்.

கிளாஸ் என்பது நிக்கோலாஸ் என்பதன் வீட்டுச் சுருக்கம். ஐரோப்பாவில் பல இடங்களில் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவரும் புனித நிக்கோலாஸை டச்சுக்காரர்கள் சின்டர்கிளாஸ் என்பார்கள். நியூயார்க் வழியாக உலகம் சுற்றிய சாண்டா கிளாஸ் அந்தக் கிளாஸ்தான். மார்ட்டென்ஸ்ஸோன் என்றால் மார்ட்டென் மகன். பெண் என்றால் ‘ஸோன்’ இருக்கும் இடத்தில் ‘டொக்டர்’, அதாவது மகள். எழுதும்போது முழுசாக எழுத மாட்டார்கள்; ‘மார்ட்டென்ஸ்.’ என்று புள்ளி வைத்து நிறுத்திவிடுவார்கள்.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க அதிக நேரம் தேவையில்லை. நம் பெயருக்கு முன்னால் நிற்கும் இனிஷியலை அவர்கள் பெயருக்குப் பின்னால் வைத்தார்கள், அவ்வளவே. ஒவ்வொரு தலைமுறையிலும் அது மாறும். மார்ட்டென் மகன் கிளாஸ், கிளாஸ் மகன் யான், யான் மகன் பீட்டர். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்துக்கு எதிரே பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசிக்காத தமிழர் யார்? அந்தக் காலத்து டச்சுக் குடியானவனிடம் அந்தப் படிவத்தை நீட்டியிருந்தால் அவனும் அப்படித்தான் முழித்திருப்பான்.

இதே வார்ப்பில் ஒரு டச்சுப் பெயர் யாழ்ப்பாணத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் சொத்து, சீதனம், வாரிசுரிமை பற்றிய வழக்கங்களைத் தொகுக்கச் சொல்லி ஒல்லாந்தர் ஆட்சி உத்தரவிட்டபோது, அதைச் செய்து முடித்த அதிகாரி கிளாஸ் ஈசாக்ஸ். ஈசாக் மகன் கிளாஸ். 1707இல் சட்ட வடிவம் பெற்ற அந்தத் தேசவழமை இன்றும் நீதிமன்றத்தில் செல்லும். கொழும்பின் பறங்கியர் குடும்பங்களில் ‘யான்ஸ்’ என்ற பெயரைப் பார்க்கலாம். யான் மகன் என்று எழுதி, புள்ளி வைத்து நிறுத்திய அதே சுருக்கம். எவரோ ஒரு யானின் மகன் இலங்கையில் இறங்கினான். அவன் அப்பா பெயர் அவனோடு நிற்காமல் குடும்பம் முழுக்க ஒட்டிக்கொண்டது.

இந்த முறையில் ஒரு தொல்லை உண்டு. மூத்த பையனுக்குத் தாத்தா பெயரை வைப்பது டச்சு வழக்கம். நம்மூரிலும் அதற்குத்தானே பெயரன், பேரன் என்று சொல். ஆகையால் யான் பீட்டர்ஸ், பீட்டர் யான்ஸ், மறுபடி யான் பீட்டர்ஸ் என்று பெயர்கள் ஊஞ்சலாடும். ஒரே தெருவில் நான்கு யான் பீட்டர்ஸ் இருந்தால் வரி வசூலிக்கிறவன் எந்தக் கதவைத் தட்டுவான்? அதற்காகத்தான் மூன்றாவதாக ஒரு அடையாளம். தொழிலைச் சேர்த்தார்கள்: பக்கர் ரொட்டி சுடுகிறவர், விஸ்ஸர் மீன் பிடிக்கிறவர், முல்டர் மாவு மில்காரர். வந்த திசையைச் சேர்த்தார்கள்: டி விரீஸ் என்றால் பிரீஸ்லாந்துக்காரர். அப்பனும் மகனும் ஒரே பெயரில் இருந்தால் மகனை ‘டி யோங்’, இளையவன், என்றார்கள். இன்றைக்கு நெதர்லாந்தில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர் அந்த டி யோங்தான். 2007 கணக்குப்படி 80,000 பேருக்கு மேல். எண்பது வயதுக் கிழவரும் அங்கே ‘இளையவர்’தான்.

ஊர்ப் பெயரைச் சேர்க்கும்போது ‘வான்’ வரும். இன்ன இடத்திலிருந்து என்று பொருள். ஜெர்மன் ‘ஃபொன்’ பிரபுக்களின் அடையாளமாகிவிட்டதால் டச்சு ‘வான்’ போட்டவர்களும் ஜமீன் வம்சம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. தென்னந்தோப்புக்காரர், மேலத்தெருக்காரர் என்று நாம் சொல்வதற்குச் சமம் அது. மூன்றும் சேர்ந்த பெயருக்கு உலகறிந்த உதாரணம் ஓவியர் ரெம்பிராண்ட் ஹார்மென்ஸ்ஸோன் வான் ரைன்: ஹார்மென் மகன் ரெம்பிராண்ட், ரைன் நதிக்காரன். லைடன் நகரில் அவர் அப்பாவின் மில் ரைன் நதிக் கரையில் இருந்தது.

நம் கிளாஸுக்கும் மூன்றாவது ஒட்டு இருந்தது: வான் ரோசன்வெல்ட். அதோடு ‘சின்ன கிளாஸ்’ என்ற பட்டப்பெயரும் உண்டு. ஆள் குள்ளமா, அல்லது நேரெதிராக நெடிய மனிதனைக் கேலியாக அழைத்ததா என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அவனைத் தெரிந்தவர்கள் அவனை அழைத்தது ரோசன்வெல்ட் என்றல்ல, கிளாஸ் என்றுதான். நான்கில் எந்தப் பெயர் நிலைக்கும் என்று அன்றைக்கு யாராவது பந்தயம் கட்டியிருந்தால் வான் ரோசன்வெல்ட்டின் மேல் பணம் வைத்திருக்க மாட்டார்கள்.

ரோஜா வெளி எங்கே?

நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் சேலாந்து. கடல் நாடு என்று பொருள். 1642இல் டச்சு மாலுமி தாஸ்மன் கண்ட தொலைதூரத் தீவுகளுக்கு டச்சு வரைபடக்காரர்கள் வைத்த நியூசிலாந்து என்ற பெயர் இந்த மாகாணத்திலிருந்து போனதுதான். கடலைப் பின்தள்ளி அணை கட்டி நிலமெடுத்து, வெள்ளத்தில் அதை மறுபடி இழந்து, மறுபடி எடுத்த ஊர்கள் நிறைந்த பகுதி. ‘போராடி மேலெழுகிறேன்’ என்பது மாகாணத்தின் குறிக்கோள் வாசகம். அதில் தோலன் என்றொரு தீவு. அந்தத் தீவில் அவுட் வொஸ்ஸமேர் என்றொரு கிராமம்.

ரோஸவெல்ட்களின் பூர்வீகம் தங்கள் ஊர்தான் என்பது அந்தக் கிராமத்தின் கட்சி. அந்தப் பக்கத்தில் ரோஸவெல்ட் என்ற பெயரில் நிலம் இருந்தது, வான் ரோஸவெல்ட் என்று நிலவுடைமைக் குடும்பமும் இருந்தது என்கிறார்கள். பழைய நிலக்கிழார்கள் கூடிய கட்டிடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. ஜனாதிபதிகளின் கதையைப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே காட்சி வைத்திருக்கிறார்கள். மாகாணத் தலைநகரம் மிடல்பர்க் இன்னும் ஒருபடி மேலே போய், ரோஸவெல்ட் பெயரில் அமெரிக்க வரலாற்று ஆய்வு மையம், ஒரு கல்லூரி, பிராங்க்ளின் அறிவித்த நான்கு சுதந்திரங்களின் பெயரால் விருது என்று கொண்டாடுகிறது.

கொண்டாடட்டும். ஆனால் கிளாஸ் அந்த ஊர்ப் பிள்ளை என்று காட்டும் ஞானஸ்நானப் பதிவோ பத்திரமோ கிடைத்ததில்லை. ‘வான் ரோசன்வெல்ட்’ என்ற ஒட்டே கயிறு. அதைப் பிடித்துக்கொண்டுதான் கடலைத் தாண்டிப் போகிறார்கள். கயிறு அறுந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘ரோஜா வெளியிலிருந்து வந்தவன்’ என்பதற்கு ரோஜா வெளிக்குச் சொந்தக்காரன் என்று அர்த்தம் வராது. குடியிருந்தவன், குத்தகைக்கு உழுதவன், அந்த நிலத்தோரம் பிறந்தவன் எல்லோருமே ‘வான்’தான். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகுதான் இந்த ஒட்டுக்கு மதிப்பு. தஞ்சாவூரில் இருக்கிறவரை யாரும் தஞ்சாவூர்க்காரர் என்று கூப்பிடப்போவதில்லை. சென்னைக்குப் போனால் கூப்பிடுவார்கள்.

பின்னாளில் செல்வம் வந்ததும் குடும்பத்துக்கு ஒரு மரபுச் சின்னமும் வந்தது. அதில் ரோஜாக்கள். கீழே லத்தீனில் ஒரு வாசகம்: நட்டவன் காப்பான். தமிழில் படிக்கிறவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று நம் பாட்டிகள் சொன்னதை அவர்கள் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்.

24 மோர்கன் நிலம்

கிளாஸ் சும்மா இருக்கவில்லை. 1652 வாக்கில் லாம்பர்ட் வான் வால்கன்பர்க் என்பவரிடமிருந்து 24 மோர்கன் நிலம் வாங்கினான். மோர்கன் என்றால் காலைப் பொழுது. ஒரு காலைப் பொழுதில் உழுது முடிக்கக்கூடிய பரப்பு என்ற கணக்கு. நம் கணக்கில் ஏறத்தாழ 50 ஏக்கர். டச்சுக்காரர்கள் பண்ணையை ‘பௌவரை’ என்பார்கள். நியூயார்க்கின் பவரி தெருவுக்கு அந்தச் சொல்தான் பெயர். கிளாஸின் பண்ணை அன்றைய ஊர் எல்லைக்கு வெகு வடக்கே, ஆள் அரவமில்லாத இடம். இன்றைய அடையாளத்தில் சொன்னால் ஏறத்தாழ லெக்சிங்டன் அவென்யூவுக்கும் ஐந்தாம் அவென்யூவுக்கும் நடுவே, 29ஆம் தெருவிலிருந்து 35ஆம் தெரு வரை. எம்பயர் ஸ்டேட் கட்டிடம் நிற்கும் இடமும் அந்தப் பண்ணையில் அடக்கம் என்பார்கள். ‘எங்க தாத்தா அந்த இடத்தை மட்டும் வித்திருக்கலைன்னா’ என்று பெருமூச்சு விடுகிறவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். இந்தக் குடும்பத்துக்கு அந்த உரிமை கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

கிளாஸும் அவன் மனைவி யானத்யாவும் அதிக நாள் வாழவில்லை. 1659இல் அவன் இறந்தான். அடுத்த வருஷம் அவளும். ஐந்து பிள்ளைகள் அநாதைகள் ஆனார்கள். 1658இல் பிறந்த நிக்கோலாஸுக்கு அப்போது இரண்டு வயது. (அதே 1658இல்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். ஒரே நாட்டின் இரண்டு கம்பெனிகள் உலகத்தின் இரண்டு முனைகளில் கடை விரித்திருந்த காலம்.)

இந்தக் கைக்குழந்தையிடம்தான் பெயரின் கதை திரும்புகிறது. பழைய முறை தொடர்ந்திருந்தால் அவன் நிக்கோலாஸ் கிளாஸ்ஸோன், கிளாஸ் மகன் கிளாஸ், என்று வாழ்ந்து முடிந்திருப்பான். அவன் பிள்ளைகள் நிக்கோலாஸ் மகன்கள் ஆகியிருப்பார்கள். ரோஜா வெளி மூன்றாம் தலைமுறையில் யாருக்கும் ஞாபகம் இருந்திருக்காது.

ஆனால் 1664இல் ஆங்கிலேயக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வந்து நின்றன. ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் சண்டை போடாமலே ஊரை ஒப்படைத்தார். நியூ ஆம்ஸ்டர்டாம் நியூயார்க் ஆனது. 1673இல் டச்சுக்காரர்கள் திரும்பப் பிடித்து நியூ ஆரஞ்சு என்று பெயர் வைத்து, ஓராண்டு கழித்து உடன்படிக்கையில் மறுபடி கொடுத்துவிட்டார்கள். ஆங்கிலேய ஆட்சிக்கும் பத்திரத்துக்கும் அப்பன் பெயர் போதாது. மகனுக்கும் பேரனுக்கும் மாறாமல் தொடரும் ஒரு பெயர் பழகியிருந்தது. அந்தச் சூழலில் டச்சுக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கையில் அகப்பட்ட ஊர்ப்பெயரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. டி பில்ட் என்ற ஊரிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த யான் ஆர்ட்ஸ்ஸோனின் வாரிசுகள் வான்டர்பில்ட் ஆனார்கள். உலகப் பணக்காரர்களாகவும் ஆனார்கள். பியூரன் என்ற சின்ன ஊரின் பெயரைச் சுமந்தவர்கள் வான் பியூரன். அந்தக் குடும்பத்தில் வந்த மார்ட்டின் 1837இல் அமெரிக்காவின் எட்டாம் ஜனாதிபதி. அவர் வீட்டில் பேசி வளர்ந்தது டச்சு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரே அமெரிக்க ஜனாதிபதி இன்றுவரை அவர்தான்.

நிக்கோலாஸ் வளர்ந்து ஹட்சன் நதிக்கரையில் ஈசோபஸ் என்ற இடத்தில் தோல் வியாபாரம் செய்தார். 1690 வாக்கில் நியூயார்க்குக்கே திரும்பினார். 1698இல் நகரமன்ற உறுப்பினர் ஆனார். ‘வான்’ இல்லாமல், ‘ன்’ இல்லாமல், இன்று நாம் பார்க்கும் எழுத்துகளில் அந்தப் பெயர் நிலைப்பது அவரிடமிருந்துதான். ‘வான்’ உதிர்ந்த அந்த இடத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். ‘வான் ரோசன்வெல்ட்’ ஒரு தகவல்: இந்த ஆள் இன்ன இடத்திலிருந்து வந்தவன். ‘ரோஸவெல்ட்’ தகவல் சொல்வதில்லை, வெறும் பெயர். ஒரு சொல் பொருளை இழக்கும் இடத்தில் குடும்பப் பெயராகிறது. அது நடந்தது சேலாந்தில் இல்லை, ஆங்கிலேயர் ஆண்ட நியூயார்க்கில்.

நெப்போலியன் மேல் போட்ட பழி

தாய்நாட்டில் இது எப்போது நடந்தது? நகரத்து வணிகர்களுக்கும் வசதியானவர்களுக்கும் குடும்பப் பெயர் அங்கேயும் முன்பே நிலைத்திருந்தது. வடக்கு, கிழக்குப் பகுதிகளில் கிராமத்து ஜனங்கள் நெடுநாள் அப்பன் பெயரோடே காலம் தள்ளினார்கள். 1810இல் நெப்போலியன் நாட்டைத் தன் பேரரசோடு சேர்த்துக்கொண்டான். 1811 ஆகஸ்ட் 18இல் உத்தரவு போட்டான்: நிலையான குடும்பப் பெயர் இல்லாதவர்கள் ஒன்றைத் தேர்ந்து பதிவுசெய்ய வேண்டும். பெயர் தெரிந்தால்தானே வரி போடலாம், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கலாம்.

இதையொட்டி நெதர்லாந்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரன் இன்னும் எத்தனை நாள் இருக்கப்போகிறான் என்று நினைத்த ஜனங்கள் வேண்டுமென்றே கேலிப் பெயர்களைப் பதிவுசெய்தார்களாம். அவன் போன பிறகும் அந்தப் பெயர்கள் போகாமல் மாட்டிக்கொண்டார்களாம். ‘நாக்ட்கெபோரன்’, அதாவது அம்மணமாகப் பிறந்தவர், என்ற குடும்பப் பெயரைச் சாட்சிக்கு அழைப்பார்கள். கதை ருசியாக இருக்கிறது; ஆனால் நிற்காது. அந்தப் பெயர் நெப்போலியனுக்கு முன்பே பதிவுகளில் இருக்கிறது. அப்பா இறந்த பிறகு பிறந்த பிள்ளையைக் குறிக்கும் ஜெர்மன் சொல் டச்சுக் காதில் திரிந்து இப்படி ஆனது என்பது பெயராய்வாளர்கள் தரும் விளக்கம். துக்கமான ஒரு பெயரை வைத்து இருநூறு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கு வேண்டியது வருஷக் கணக்கு. நெப்போலியனின் உத்தரவு வந்தபோது நியூயார்க்கில் ரோஸவெல்ட் என்ற பெயர் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. தாய்நாட்டில் எத்தனையோ கிராமத்தார் இன்னும் அப்பன் பெயரோடே இருக்கும்போது, கடல் கடந்து போனவர்களின் பெயர் உறைந்துபோயிருந்தது. அது மட்டுமில்லை, எழுத்தும் உறைந்தது. டச்சு எழுத்துமுறை அதன் பிறகு பல முறை திருத்தப்பட்டது. இன்றைய விதிப்படி எழுதினால் அந்த இரட்டை ‘ஓ’ அங்கே வராது. ஊரில் எல்லோரும் எழுத்தை மாற்றிக்கொண்ட பிறகும் வெளிநாட்டு மாமா ‘லை’க்குக் கொம்பு போட்டே எழுதிக்கொண்டிருப்பதைப் போல.

இரண்டு கிளைகள், ஒரு தாலாட்டு

நிக்கோலாஸின் இரண்டு பையன்களிடமிருந்து குடும்பம் பிரிகிறது. யோஹன்னஸ் வழி வந்தவர்கள் பின்னாளில் லாங் ஐலண்டின் ஆய்ஸ்டர் பே ஊர்க்காரர்கள். தியோடர் அந்தக் கிளை. யாக்கோபஸ் வழி ஹட்சன் நதிக்கரையின் ஹைட் பார்க். பிராங்க்ளின் அந்தக் கிளை. ஒருவர் குடியரசுக் கட்சி, மற்றவர் ஜனநாயகக் கட்சி. இருவருக்கும் இடையே ஐந்து தலைமுறைத் தூரம்; நம் ஊர்க் கணக்கில் பங்காளி என்று சொல்லிக்கொள்ளலாம், அதற்கு மேல் நெருக்கமில்லை.

யாக்கோபஸ் வழியில் பழைய டச்சு ஊஞ்சல் வெகுகாலம் ஆடியது. யாக்கோபஸ் மகன் ஐசக், ஐசக் மகன் ஜேம்ஸ், ஜேம்ஸ் மகன் ஐசக், ஐசக் மகன் ஜேம்ஸ். யாக்கோபஸின் ஆங்கில வடிவம்தான் ஜேம்ஸ். கடைசி ஜேம்ஸுக்கு 1882இல் பிறந்த பிள்ளைக்கு அம்மா வீட்டார் பக்கத்துப் பெயரை வைத்து பிராங்க்ளின் என்றார்கள். ஊஞ்சல் கயிறு அங்கே அறுந்தது. அவர் தன் மூத்த பையனுக்கு ஜேம்ஸ் என்று பெயர் வைத்து மறுபடி முடிச்சுப் போட்டார்.

மொழி பெயரைவிடச் சீக்கிரம் போய்விட்டது. தியோடரின் தாத்தா சிறுவனாக இருந்தபோது நியூயார்க்கின் டச்சுத் தேவாலயத்தில் டச்சு வழிபாடு கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பேரன் தியோடருக்குத் தெரிந்த டச்சு ஒரே ஒரு குழந்தைப் பாட்டு. ‘திரிப்பா திரொப்பா திரோன்யஸ்’ என்று வரும் ஒரு வரி. பதவி முடிந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போன இடத்தில் தென்னாப்பிரிக்க டச்சு வழிக் குடியானவர்களைச் சந்தித்தார். அந்த வரியைச் சொன்னதும் அவர்களில் பலர் அடையாளம் கண்டுகொண்டார்களாம். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் எதிரெதிர்த் திசையில் கப்பலேறியவர்களின் வாரிசுகளுக்குள் மிஞ்சியிருந்த பொதுச் சொத்து ஒரு தாலாட்டு.

1905இல் இரு கிளைகளும் சம்பந்தம் செய்துகொண்டன. தியோடரின் தம்பி மகள் எலினாரை பிராங்க்ளின் மணந்தார். பெண்ணின் அப்பா உயிரோடு இல்லாததால் கைப்பிடித்துக் கொடுத்தவர் பெரியப்பா தியோடர், அப்போது ஜனாதிபதி. பெயர் குடும்பத்துக்குள்ளேயே இருப்பது நல்லதுதான் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாராம். கல்யாணத்துக்குப் பிறகு கையெழுத்தை மாற்ற வேண்டிய அவசியம் எலினாருக்கு வரவில்லை.

பெயரை வைத்து வேர் தோண்டுகிறவர்கள்

1930களில் இந்தப் பெயருக்கு வேறொரு பூர்வீகம் கற்பிக்கப்பட்டது. ரோசன்வெல்ட், ஜெர்மன் யூதர்களிடையே காணப்படும் ரோசன்ஃபெல்ட் என்ற பெயர்தான், பிராங்க்ளின் மறைமுக யூதர் என்று நாஜிகளும் அமெரிக்காவின் யூத வெறுப்பாளர்களும் பரப்பினார்கள். இரண்டு மொழியிலும் ரோஜா ரோஜாதான், வெளி வெளிதான். உறவுக்கார மொழிகளில் ஒரே பொருளுக்கு ஒரே மாதிரிப் பெயர் வருவதில் என்ன அதிசயம்? ஆனால் வெறுப்புக்குச் சொல்லாராய்ச்சி தேவையில்லை, ஒலி ஒத்துப்போனால் போதும்.

டெட்ராய்ட்டின் யூதப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் நேரடியாகவே கேட்டுவிட்டார். 1935 மார்ச்சில் பிராங்க்ளின் எழுதிய பதில் இப்போதும் படிக்கத் தகுந்தது. இந்த நாட்டில் ரோஸவெல்ட்கள் எல்லோரும் கிளாஸ் மார்ட்டென்ஸ்ஸோன் வழி வந்தவர்கள் என்பது மட்டும்தான் தனக்குத் தெரியும், அவர் வந்த வருஷம்கூட நிச்சயமில்லை என்று ஒப்புக்கொள்கிறார். வெகு முற்காலத்தில் அவர்கள் யூதர்களாகவோ கத்தோலிக்கர்களாகவோ புராட்டஸ்டன்டுகளாகவோ இருந்திருக்கலாம். நல்ல குடிமக்களா, கடவுள் நம்பிக்கை உள்ளவர்களா என்பதில்தான் தனக்கு அக்கறை என்று முடிக்கிறார். ‘நாங்கள் யூதர்கள் இல்லை’ என்று ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போயிருக்கலாம். மறுத்தால் யூதராக இருப்பது இழுக்கு என்று ஒப்புக்கொண்டது போலாகும். அதைச் செய்யவில்லை.

அவர் பெயரின் நடுவே இருக்கும் டெலானோவுக்கும் ஒரு கதை உண்டு. அது நம் எல்லைக்குள்ளேயே வந்து முடிகிறது. அம்மா வழிப் பெயர் அது. 1621இல் ஃபார்ச்சூன் கப்பலில் பிளிமத் வந்திறங்கிய பிலிப் டி லனாய் லைடனில் பிறந்தவர். பிரெஞ்சு பேசும் புராட்டஸ்டன்ட் அகதிக் குடும்பம். லனாய் என்பது இன்றைய பிரான்ஸின் வடகோடியில் லில் நகரத்துக்கு அருகே ஒரு ஊர். ஆங்கில வாயில் டி லனாய் டெலானோ ஆயிற்று. அதே டி லனாய் பெயரோடு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய் ஒருவர் 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்டார். பிறகு அதே மன்னரின் தளபதியாகி, திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கினார். 1777இல் இறந்த எஸ்தாக்கியஸ் டி லனாயின் கல்லறை கன்னியாகுமரி மாவட்டம் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதற்காக ‘அமெரிக்க ஜனாதிபதியின் உறவினர் புலியூர்க்குறிச்சியில்’ என்று யாரும் தலைப்புப் போட்டுவிட வேண்டாம். ஒரு ஊரை விட்டு நூறு பேர் கிளம்பினால் நூறு பேரும் அந்த ஊர்க்காரர்கள்தான். அண்ணன் தம்பிகள் இல்லை. அவுட் வொஸ்ஸமேர்க்காரர்களுக்கும் இதே பதில்தான்.

இப்போது தமிழ்நாட்டிலேயே ரூஸ்வெல்ட்கள் இருக்கிறார்கள். லெனின், ஸ்டாலின், கென்னடி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த தலைமுறையில், ரூஸ்வெல்ட் என்று வைத்தவர்களும் உண்டு. இங்கே அது குடும்பப் பெயர் இல்லை, சொந்தப் பெயர். ரூஸ்வெல்ட்டுக்கு மகள் பிறந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்தால், ரோஜா வெளி சுருங்கி ஒற்றை எழுத்து இனிஷியலாக அவள் பெயருக்கு முன்னால் போய் நிற்கும். ரூஸ்வெல்ட் மகள், அவ்வளவுதான் அதற்குப் பொருள். அவளுக்குப் பிள்ளை பிறந்தால் அதுவும் போய்விடும். மார்ட்டென் மகன் கிளாஸ் கப்பலேறியபோது இருந்த முறை. தமிழிலேயே இனிஷியல் போடுகிற பள்ளிக்கூடம் என்றால் ‘ரூ.’ என்று எழுதுவார்கள். பார்க்கிறவர்களுக்கு ரூபாய்க் கணக்குப் போலத் தெரியும். தியோடர் சொன்ன உச்சரிப்பைக் கேட்டிருந்தால் ‘ரோ.’ என்று இருந்திருக்கும்.